கதவைத் திறக்கிற காட்சி

அன்புக் குண்டுமணிக்கு,

அம்மா எழுதறேன். என் முட்டிவலியையும் உங்கப்பாவோட வாயையும் கணக்குல சேர்க்கலைன்னா இங்க எல்லாரும் சுகம். உன் இருமல் விட்டுதா? வெந்நீர் குடிக்கிறியா இல்லையா?

படத்துல எனக்கு அம்மா வேஷம்னு சொன்னேனில்ல, முப்பது வருஷம் மேடையில ராணியா நின்னவளுக்கு சினிமாக்காரங்க இத்தனை நாளாக் குடுத்ததெல்லாம் தட்டைக் கொண்டுவந்து வெச்சிட்டுப் போற வேஷம்தான், இதுலதான் வாயைத் திறந்து பேச நாலு காட்சி. முதல் நாளே மானம் போச்சுடி. வெளியூர்ல இருந்து வந்த பொண்ணு கதவைத் தட்டுவா, நான் திறந்து சந்தோஷமா வாம்மான்னு சொல்லணும், அவ்ளோதான். நான் என்னடான்னா கதவைத் திறந்ததும் அவளை விட்டுட்டு லைட் பிடிக்கிறவரைப் பார்த்து முகமெல்லாம் சிரிக்கிறேன்! ஜனங்களுக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு மேடையில ஊறிப்போன உடம்பு, தானாத் திரும்பிடுது. டைரக்டர் தம்பி பொறுமையா, வந்தவளைப் பாருங்கம்மான்னார். மறுபடி மறுபடி அதே கூத்து. கடைசியில மேனேஜர் என் காதுபடவே, நாளைக்கும் இப்படின்னா வேற அம்மாவைப் பார்த்துக்கலாம்னுட்டார். சுருக்குன்னு இருந்துது. இதுவும் போனா இந்த வயசுல இனி என்னை யார் கூப்பிடுவா?

வீட்டுக்கு வந்து உங்கப்பாவை வாசல்ல நிறுத்தி ஒத்திகை. அவர் தட்டுவார், நான் திறப்பேன், உள்ள வந்தவரை மறுபடி வெளிய துரத்துவேன். புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஏதோ சண்டைன்னு பக்கத்து வீட்டம்மா ஆசையா எட்டிப் பார்த்தாங்க. ஆனா தினம் பார்க்கிற மூஞ்சியைப் பார்த்தா புதுசா சந்தோஷம் எங்கேருந்து வரும், நீயே சொல்லு.

மறுநாள் அந்தப் பொண்ணு பெட்டியும் கையுமா நின்னா, பயணத்துல கலைஞ்ச தலையோட. நீ வந்தாலும் இப்படித்தானே நிப்பேன்னு தோணிச்சு, அவ்வளவுதான், லைட்டு காமிரா ஒண்ணும் கண்ணுக்குத் தெரியலை, எழுதிக் குடுத்த பேரையும் மறந்துட்டு, வந்துட்டியாடி குண்டுமணின்னு அவளை இழுத்துக் கட்டிக்கிட்டேன். போச்சு, வேஷம் போச்சுன்னு நினைச்சேன். டைரக்டர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, இதுவே இருக்கட்டும்மான்னார். இனிப் படம் பூரா அவ பேரு குண்டுமணி. ஈர்க்குச்சி மாதிரி இருக்கா, பாவம்.

நடிச்சது போதும்மா, ஓய்வெடுன்னு எழுதியிருந்தே. போடி, இன்னும் மூணு காட்சி பாக்கி. எந்தக் குறையும் இல்லாம நல்லா இருப்பே என் கண்ணு, நேரத்துக்குத் தூங்கு. போன வருஷமும் லீவு இல்லை, இந்த வருஷமும் இல்லைங்கறே. ஒண்ணு மட்டும் மறந்துடாதே, உன் பேரை வெச்சுக்கிட்டு இன்னொருத்தி வந்துட்டுப் போயிட்டா. நீ எப்ப வரே?

இப்படிக்கு,
கதவைத் திறக்கக் கத்துக்கிட்ட
உன் அம்மா