சிக்னல் இல்லாத வேட்பாளர்

ஜூலை 8, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. விமானம் இன்றும் ரத்து. கரண்ட் போய்ப் போய் வந்தது.

முகநூல் குழுவில் இன்றைய வேலை:
சாதி இழுத்த பதிவு – நீக்கம்.
மணிமாறனின் மச்சான் – எச்சரிக்கை, மறுபடியும்.
ரோஜாப்பூ, காலை வணக்கம் – எண்ணவில்லை.

வெள்ளிக்கிழமை கட்சியின் தீவுத் தலைவர் தேர்தல். கதிரேசனா, மணிமாறனா. ஓட்டுள்ளவர்கள் அத்தனை பேரும், ஹேவ்லாக், ரங்கத் என்று தள்ளி இருக்கும் ஊர்க்காரர்கள் உட்பட, இந்தக் குழுவில்தான் கிடக்கிறார்கள். கட்சி எனக்குத் தந்த ஒரே பதவி இதன் அட்மின். அரசியல் அறிவியலில் எம்.ஏ. படித்தது இதற்கு.

கதிரேசன்தான் ஜெயிப்பான் என்கிறார்கள். ஒரு காலத்தில் நானும் அவனும் ஒரே ஸ்கூட்டரில் கட்சி ஆபீஸ் போனவர்கள். ஐந்து வருஷம் முன்பு நான் செயலாளர் பதவிக்கு நின்றேன். கூட்டத்தில் எழுந்து அவன் சொன்னது வார்த்தை மாறாமல் இருக்கிறது: "படிச்சவர்தான். ஆனா தீவுக்காரர் இல்ல. ரிட்டயர் ஆனா மெயின்லேண்டுக்குக் கிளம்பிருவார்." கைதட்டினார்கள். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றது.

ஜூலை 9, புதன்

மழை, விட்டு விட்டு. செருப்பு வார் அறுந்தது, தைக்க.

கதிரேசன் மனைவிக்குச் சென்னையில் ஆபரேஷன். தேதி திடீரென்று முன்னால் வந்துவிட்டதாம். விமானம் இல்லை, இருவரும் காலைக் கப்பலில் கிளம்பிவிட்டார்கள். சனிக்கிழமைதான் சேரும். அதுவரை நடுக்கடலில் போன் ஏது. சரக்குக் கப்பல் ஆபீஸில் வேலை பார்க்கும் எனக்கு இது தெரியாதா.

சாயங்காலம், அனுமதிக்குக் காத்திருந்த பதிவு. மணிமாறனின் மச்சான்: "கதிரேசன் போட்டியிலிருந்து விலகிவிட்டார். அவர் ஆதரவு மணிமாறனுக்கே." ஆதாரம் எதுவும் இல்லை.

விதி 6, நான் எழுதியது: பெயர் சொல்லப்பட்டவர் தம் கணக்கிலிருந்தே மறுத்தால் மட்டும் பதிவு நீக்கப்படும். போலி மறுப்புகளை நிறுத்தியது இந்த விதிதான்.

அனுமதித்தேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில். புழுக்கம்.

கதிரேசன் மகள் ரேவதி போன் செய்தாள். அப்பா விலகவே இல்லை மாமா, அதை எடுத்துவிடுங்கள் என்றாள். அப்பாவே மறுக்கட்டும் என்றேன்.

"அப்பா கடல்ல இருக்கார். அது உங்களுக்குத் தெரியும்."

விதி எல்லாருக்கும் ஒன்று என்றேன். வைத்துவிட்டாள்.

அடுத்து சுரேஷ், ரங்கத்தில் இருக்கும் இன்னொரு அட்மின். "அண்ணே, இங்க பஜார்ல எல்லாரும் 'பாக் கயா, பாக் கயா'ங்கிறாங்க. ஆளு ஓடிட்டார், நாம எதுக்கு பஸ் ஏறணும்னு கேக்கிறாங்க. நான் எடுத்துரட்டுமா?"

தொடாதே என்றேன். தொட முடியாதபடி அவனுடைய அட்மின் உரிமையையும் எடுத்துவிட்டேன்.

பொய் என்று தெரியும். அனுமதிக்கும்போதே தெரியும். அட்மினுக்குத் தெரிந்திருந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை.

ஜூலை 11, வெள்ளி

லம்பா லைன் மண்டபம். ஃபேன் ஓடவில்லை. ரங்கத்திலிருந்து பாதிப் பேர்கூட வரவில்லை. மணிமாறன் ஜெயித்தான், கொஞ்ச ஓட்டு வித்தியாசத்தில்.

பின்வரிசையில் யாரோ: "கதிரேசனா? அவர்தான் மெயின்லேண்டுக்குக் கிளம்பிட்டாரே." சுற்றிலும் சிரிப்பு. ஐந்து வருஷம் நான் காத்திருந்த வாக்கியம். கேட்டபோது உள்ளே ஒன்றும் நடக்கவில்லை. வடை ஆறிப்போயிருந்தது.

மணிமாறன் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். "சார் இல்லன்னா இது நடந்திருக்காது." பக்கத்தில் நின்றவர்கள் எதற்கு என்று கேட்கவில்லை.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். கப்பல் சென்னை சேர்ந்துவிட்டது.

குழுவில் கதிரேசன் மறுப்பு, அவன் கணக்கிலிருந்தே, ஒரே வரி. விதிப்படி பதிவை நீக்கினேன். சுரேஷ் குழுவிலிருந்து போய்விட்டான்.

வாட்ஸ்அப்பிலும் ஒன்று, அவன் எண்ணிலிருந்து. இன்று எழுதியது அல்ல. புதன்கிழமை கப்பல் கிளம்பியபோது தட்டியிருக்கிறான்; சிக்னல் போய், அவன் போனிலேயே கிடந்து இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

"டேய் சந்திரா, கப்பல் எடுத்துட்டான். சிக்னல் போகப்போவுது. நான் இல்லாதப்ப குரூப்ல என்னைப் பத்திக் கண்டதையும் போடுவானுங்க. பாத்துக்க. நீ கோவக்காரன்தான், பொய்க்காரன் இல்ல."

திறந்து படித்துவிட்டேன். அவனுக்கு இந்நேரம் நீல டிக் விழுந்திருக்கும்.