ஆற்றுப் பக்கம் ஒரு கதவு

அன்பு மகளுக்கு,

இங்கே நானும் அம்மாவும் நலம். நீ நலமா என்று போனில் தினமும் கேட்கிறேன், ஆனால் என் கையால் எழுதிக் கேட்பது இதுதான் முதல் தடவை, அதனால் மறுபடியும் கேட்கிறேன், நலமா கண்ணு? மாலை வகுப்பு டீச்சரம்மா, இனிமே நீங்க யாருக்கு வேணாலும் கடிதம் எழுதலாம் என்று சொல்லிவிட்டார். உன்னை விட்டால் நான் வேறு யாருக்கு எழுதுவேன்? எழுத்து அங்கங்கே கசங்கியிருக்கும், பொறுத்துக்கொள். ஆயுசு முழுக்க ஊரார் துணியைத் தேய்த்து நிமிர்த்திய கைக்கு, காகிதத்தில் மட்டும் இஸ்திரிப் பெட்டி உதவ மாட்டேன் என்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. தம்பிக்கு ஷிப்ட் மாறிவிட்டது, வீட்டுக்குத் தூங்க மட்டும் வருகிறான்.

நீ வரைந்த ஆற்றங்கரைத் திட்டத்தை நகராட்சி அலுவலகத்தில் அட்டையில் செய்து வைத்திருக்கிறார்கள், போய்ப் பார்த்தேன். ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற நம் தெரு வீடுகளுக்கெல்லாம் பின்பக்கம் ஒரு கதவு, வெளியே நடைபாதை, மரம், உட்காரப் படிக்கட்டு. கீழே உன் பெயர். எழுத்துக்கூட்டி உரக்கப் படித்தேன். காவலாளி, பெரியவரே சத்தம் போடாதீங்க என்றார். என் பொண்ணுய்யா என்றேன். அப்ப இன்னொரு தடவை படிங்க என்றார்.

ஆனால் தெருக் கூட்டத்தில் கதவு வைக்க ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கொசு வரும், திருடன் வருவான், நாற்றம் தாங்காது என்று ஆளுக்கொரு காரணம். உங்க பொண்ணு ஏரோப்ளேன் தூரத்துல உக்காந்து வரைவா, நாங்க இங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணுமா என்று பக்கத்து வீட்டு சலூன்காரர் கேட்டார், எல்லாரும் சிரித்தார்கள். பாதி வீடாவது சம்மதிக்காவிட்டால் நம் கரையில் சுவர் எழுப்பிவிட்டு எதிர்க்கரை வேலையோடு முடித்துக்கொள்வோம் என்று அதிகாரி சொல்லிவிட்டுப் போனார். நம் கரையில் வேலை நடந்தால் மட்டும்தான் அதை மேற்பார்க்க நீயே வந்து ஒரு வருஷம் இங்கே இருக்க வேண்டிவரும் என்று சொன்னாயே, அன்று முழுக்க அதுதான் என் காதில் நின்றது. மறுநாள் கொத்தனாரைக் கூட்டி வந்து உன் அறையின் பின்சுவரை உடைக்கச் சொன்னேன். பொண்ணு ரூமுல ஓட்டை போடறீங்களே, புத்தி கெட்டுப் போச்சா என்று அம்மா பேச்சையே நிறுத்திவிட்டாள். சுவர் திறந்ததும் காற்று வந்தது, பொய் சொல்ல மாட்டேன், நாற்றமும் வந்தது. வெளிச்சமும் வந்தது. பகலில் லைட் போடாமல் உன் மேஜையை அன்றுதான் பார்த்தேன், பள்ளிக்கூட நாளில் காம்பஸ் முனையால் நீ கீறிய கோடுகள் எல்லாம் தெரிந்தன. தடவிக்கொண்டே நின்றேன். கேலி பண்ண வந்த சலூன்காரர் அந்தப் புது வாசற்படியில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தவர், இரண்டு டீ குடித்தும் எழுந்திருக்கவில்லை. இப்போது கொத்தனார் அவர் வீட்டில்தான் இருக்கிறார். இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் யோசிக்கிறார்கள், பாதித் தெருவுக்கு இது எந்த மூலைக்கு? எல்லாரிடமும் ஊர் நன்மைக்கு என்றுதான் சொல்கிறேன். உன்னிடம் என்ன மறைக்க? ஆறு அழகானால் சந்தோஷம்தான், நான் சுவரை உடைத்தது நீ வருவதற்கு. கதவு கோணலாக இருந்தால் நீயே வந்து திட்டு.

நேரத்துக்குச் சாப்பிடு, கம்ப்யூட்டரையே பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. பதிலைக் கையால் எழுது, பெரிய எழுத்தாக, இடம் விட்டு எழுது. நீ நினைத்ததெல்லாம் நடக்க வேண்டும், நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும்.

ஒன்று மறந்துவிட்டேன். பேச்சை நிறுத்தியிருந்த அம்மா நேற்று எலக்ட்ரீஷியனை அழைத்து அந்தக் கதவுக்கு வெளியே ஒரு பெல் வைத்திருக்கிறாள். அங்கே இன்னும் பாதைகூட இல்லை, சேறும் புதரும்தான். அந்தப் பக்கம் யாருடி வரப்போறா என்று கேட்டேன். வர்றவளுக்கு வழி தெரியும் என்றாள். இன்று காலையில் நானே வெளியே போய் அமுக்கிப் பார்த்தேன். நான்தான் என்று தெரிந்தும், அந்த முழங்காலோடு ஓடி வந்து திறந்தாள்.

இப்படிக்கு,
உன் அப்பா
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)