உங்களை அடக்கம் செய்த நாளில் திறந்த கம்பியூட்டர்

என் அன்பு அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டிவிடாதீர்கள். பெரியம்மாவும் அங்கே உங்கள் பக்கத்தில்தான் இருப்பார். அவரிடம் ஒன்றைச் சொன்னால் மஸ்கெலியா வரைக்கும் கேட்கும் என்று நீங்கள்தானே சிரிப்பீர்கள்?

அம்மாவும் தம்பியும் தூங்குகிறார்கள். உங்கள் கம்பியூட்டர் திரையின் வெளிச்சத்தில் எழுதுகிறேன். ஆமாம், அது திறந்துவிட்டது. இரண்டு நாளாக மழை விடவில்லை. தகரத்தில் விழுகிற சத்தம் இன்று எனக்கு உதவி. கம்பியூட்டரின் இரைச்சல் பக்கத்து வீட்டுச் சித்தப்பாவுக்குக் கேட்காது.

நீங்கள் போனதிலிருந்து அது வேலை செய்யவில்லை. ரெஜிஸ்ட்ரி பழுதாகிவிட்டது, சரிசெய்து மறுபடி தொடங்குகிறேன் என்று ஆங்கிலத்தில் சொல்லும். தொடங்கும். திரும்பவும் அதையே சொல்லும். ஆபீஸில் கழித்துவிட்ட பழைய பெட்டிதானே என்று அம்மா துணியைப் போட்டு மூடிவிட்டார். சித்தப்பாதான் விடவில்லை.

"அண்ணி, வர்ற திங்கக்கெழம அட்டன் கடைக்குக் கொண்டுபோறேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசா போட்டுக் குடுப்பாங்க. பாப்பா பாட்டுக் கேக்கலாம்."

"எல்லாத்தையும் எதுக்குச் சித்தப்பா அழிக்கணும்?"

"அடியே, அண்ணன் என்ன அந்தப் பொட்டிக்குள்ளயா உக்காந்திருக்காரு?"

அம்மா சிரித்தார். நீங்கள் போன பிறகு முதல் தடவையாகச் சிரித்தார், அப்பா. அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் கம்பியூட்டர் பாடம் எடுக்கிற சேரிடம் கேட்டேன். யாழ்ப்பாணத்துச் சேர். "பிள்ளை, அழிக்கிறதெண்டால் எந்தக் கடைக்காரனும் அழிப்பான். ஓடிக்கொண்டிருக்கேக்க ஆரோ வயரைப் பிடுங்கியிருக்கினம். பழைய விண்டோஸ் ஒவ்வொரு நாளும் ஒழுங்காத் திறந்த உடனே ரெஜிஸ்ட்ரிக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கும். கடைசி ஐஞ்சு பிரதி உள்ளுக்குக் கிடக்கும். நீர் நல்ல நாளாப் பார்த்துத் திரும்பப் போடும்" என்றார். அடிக்க வேண்டிய கட்டளையை என் கொப்பி மட்டையில் எழுதிவிட்டு, "நல்ல நாள் எது எண்டு ஐயரைப் போய்க் கேக்காதையும்" என்றும் சொன்னார். வகுப்பே சிரித்தது.

இன்றிரவு கறுப்புத் திரையில் அந்தக் கட்டளையை அடித்தேன். ஐந்து தேதிகள் வந்தன. நான்கு, நீங்கள் உட்கார்ந்து வேலை செய்த நாட்கள். நான்காவது, உங்களை நெஞ்சுவலியோடு லொறியில் ஏற்றியதற்கு முந்தின நாள். ஐந்தாவது, உங்களை அடக்கம் செய்த நாள்.

கம்பியூட்டரின் கடிகாரம் பிழையாக இருக்குமோ என்று பார்த்தேன். பொங்கலுக்குத்தானே பேட்டரி மாற்றினீர்கள்? சரியாகத்தான் ஓடுகிறது.

அன்றைக்கு லயத்து வரிசை வீடுகளில் ஒருவர் மிச்சமில்லாமல் தப்பு மேளச் சத்தத்தின் பின்னால் போய்விட்டார்கள். சாவி கதவு நிலைக்கு மேலே இருந்தது. அந்த இடம் நமக்கும் சித்தப்பாவுக்கும்தான் தெரியும். தேத்தண்ணிக்குச் சீனி வாங்கப் போனதாகச் சொல்லி, மண் போடுகிற நேரத்துக்குத்தான் அவர் வந்தார். வந்து எல்லாரையும் விட அதிகமாக அழுதார். நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது கம்பியூட்டர் வயர் சுவரிலிருந்து கழன்று தரையில் கிடந்தது. யாரோ கால் தடுக்கி இழுத்துவிட்டார்கள் என்று அப்போது நினைத்தேன்.

நான்காவது தேதியைத் தேர்ந்து போட்டேன். திறந்தது. உங்கள் கோப்புறை காலி. பிறகுதான் திரையின் மூலையில் இருந்த குப்பைக்கூடையைப் பார்த்தேன். அதற்குள் ஒரே ஒரு கோப்பு. பெயர், மேல் லயம். நம் லயம்தான். அழித்த தேதியும் உங்களை அடக்கம் செய்த நாள்தான். கூடையையும் காலி செய்ய வேண்டும் என்று சித்தப்பாவுக்குத் தெரியவில்லை. கோப்பை மீட்டுத் திறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் விறகு பொறுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு இதற்குத்தான் போனீர்களா? நம் லயத்துக்கு மேலே தேயிலைக்குள் நிலம் வெடித்திருப்பதை எங்களிடம் ஏன் சொல்லவில்லை? முதல் வாரம் விரல் நுழைகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு உள்ளங்கை. கடைசி வாரம், முழங்கால் வரை கால் போகிறது. அதற்குக் கீழே இருந்ததை அப்படியே கொப்பியில் பார்த்து எழுதிக்கொண்டேன்:

"தோட்டத்துத் துரையிடம் இரண்டு தடவை சொல்லிவிட்டேன். வெளியே பேசாதே என்கிறார். மழை மூன்று நாள் விடாமல் பெய்தால் ஆட்களை இறக்க வேண்டும். கதவுகள் நிலையில் இறுகினால் ஒரு நிமிடமும் நிற்கக் கூடாது."

நீங்கள் போன மறுமாதமே துரை சித்தப்பாவை ஆட்களை மேற்பார்க்கிற கணக்குப்பிள்ளையாகப் போட்டார். துரை சொல்லித்தான் அழித்தாரா? படித்துப் பார்த்தாவது அழித்தாரா, பெயரைப் பார்த்ததுமே அழித்தாரா? அவருடைய இரண்டு பிள்ளைகளும் இதே லயத்தில்தானே தூங்குகிறார்கள்?

அம்மாவை எழுப்பலாமா என்று இரண்டு தடவை பக்கத்தில் போனேன். சித்தப்பா அப்படிச் செய்வாரா என்று என்னையே திட்டுவார்.

விடிந்தால் திங்கள், மூன்றாவது நாள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கிற பெரட்டு முடிந்ததும் சித்தப்பா கம்பியூட்டரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். போகட்டும், கொப்பி என்னிடம் இருக்கிறது. அவர் பேர் கூப்பிடத் தொடங்குவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் எல்லாருக்கும் முன்னால் நின்று இதை வாசிப்பேன். குரல் நடுங்கும். துரை நின்றாலும், சித்தப்பா கொப்பியைப் பிடுங்க வந்தாலும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பேன். உங்கள் மேல் சத்தியம், அப்பா.

கதவைத் தட்டுகிறார்கள்.

சித்தப்பாதான்.

"அண்ணி! பாப்பா! எந்திரிங்க! எங்கூட்டுக் கதவு நெலையில இறுகிப்போச்சு, சன்னல ஒடச்சிக்கிட்டு வந்திருக்கேன்! ஒரு நிமிசமும் நிக்கக்கூடாது!"

இது நீங்கள் எழுதிய வரி, அப்பா. அவர் படித்திருக்கிறார்.

உங்கள் மகள்