தோர்ண்டன் ஹீத் மண்டபத்துக்கு ஒரு வாசல்

மார்ச் 4, 1993. வியாழன். மழை.

இன்று சொல்லாதது: செருப்பு.

லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் கட்டப்போகும் பொழுதுபோக்கு நிலையத்தின் வரைபடத்தைத் தமிழ்ச் சங்கத்தாருக்குக் காட்டினோம். மண்டபமும் வாசலும் நான் வரைந்தவை. செயலாளர் நடராசா அண்ணை கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் வடிவாய்த்தான் இருக்கு, தங்கச்சி. செருப்பு எங்கை கழட்டுறது? உன்ர தலையிலயோ?"

சனம் சிரித்தது. என்ன கேட்கிறார் என்றார் தமிழ் தெரியாத என் மேலதிகாரி மார்ட்டின். திரைச்சீலை என்ன நிறம் என்று கேட்கிறார் என்றேன். கவனமாக எழுதிக்கொண்டார். வெட்கம், வேறென்ன. கட்டடக்கலை படித்த தமிழ்ப் பிள்ளைக்குச் செருப்பு மறந்துபோயிற்று.

வரைபடம் புதன்கிழமை அனுமதிக்காக நகரக் கவுன்சிலுக்குப் போகிறது. அதன்பின் மாற்ற முடியாது.

மார்ச் 6, சனி. வெயில், ஆனால் குளிர்.

வாங்க: பால். முட்டை. பஸ் பாஸ்.

சங்கத்தின் பழைய மண்டபத்தில் மச்சாளின் மகளுக்கு நடன நிகழ்ச்சி. குத்துவிளக்கு ஏற்றும் இடம் என்பதால் எல்லோர் செருப்பும் வாசலில், கதவுக்குக் குறுக்கே குவியலாக. சாம்பிராணிப் புகைக்குத் தீ அலாரம் அடித்தது. வெளியே போகச் சொன்னார்கள். ஒருவரும் போகவில்லை. வாசலில் குனிந்து அவரவர் சோடியைத் தேடினார்கள்.

"தள்ளுங்கோவன்."

"பொறும், மற்றக் கால் இல்லை."

"அது என்ர மனுசன்ரை. வையும் அதில."

பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு ஐயா, நகர வழியில்லாமல். நெருப்பில்லை. ஒருவருக்கும் ஒன்றுமில்லை. என் வரைபடத்திலும் செருப்புக்கு இடமில்லாத அதே வாசல்தான்.

மார்ச் 8, திங்கள். மூடுபனி.

அலுவலகம் போனவுடன் மார்ட்டினிடம் செருப்பைப் பற்றிச் சொன்னேன். திரைச்சீலைப் பொய்யையும். மேசையில் துணி மாதிரிகள் விரித்து வைத்திருந்தார், பாவம். பிறகு பென்சிலை என் பக்கம் தள்ளி, வாசலுக்கு அருகே எந்த அறையைச் செருப்புக்கு எடுக்கலாம் என்று மட்டும் கேட்டார்.

பாட்மின்டன் வலை வைக்கும் அறை. கதவுக்கு நேரே இல்லாமல் பக்கவாட்டில். செருப்புத் தேடுகிறவர்கள் அங்கே தேடட்டும், மற்றவர்கள் வெளியே போகலாம்.

வியாழனிலிருந்து ரயிலில் புத்தகத்தின் ஒரே பக்கத்திலேயே நின்றிருந்தேன். இன்று புரட்டினேன். இரவு இரண்டு தரம் சோறு.

மார்ச் 10, புதன்.

வரைபடம் போய்விட்டது. அண்ணைக்குத் தொலைபேசி.

"பாட்மின்டன் வலை அறையைச் செருப்புக்கு எடுத்தாச்சு, அண்ணை."

"ஓம், ஓம். அப்ப வலையை எங்கை வைக்கிறது?"

ஏப்ரல் 2, வெள்ளி.

கவுன்சில் ஒப்புக்கொண்டது. வலைக்கு இன்னும் இடமில்லை.