மூன்றாம் மாடிக்கு அப்பால்

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நான் நலம். நீங்களும் குட்டியும் நலமாக இருப்பீர்கள். இங்கே நலமில்லாதது ரேடார் ஒன்றுதான்.

நானூறு கிலோமீட்டருக்கு அப்பால் பறக்கும் விமானத்தையும் கண்டுபிடிக்கும் என்று சொல்லி வந்த புதிய ரேடார் இது. கண்டுபிடிக்கவும் செய்கிறது. ஆனால் நானூறு அடி தள்ளி, பெரிய அதிகாரிகள் வந்தால் தங்குவதற்கு ஒரு விருந்தினர் மாளிகை கட்டினார்கள். வரைபடத்தில் இரண்டு மாடி. காற்று நன்றாக வருகிறதென்று மூன்றாவதையும் எழுப்பிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை சோதனை விமானம் அந்த மாடிக்கு நேராகப் போனதும் திரையிலிருந்து காணாமல் போனது. நான்கு நிமிடம்.

"மறைஞ்சா என்னம்மா, திரும்பி வந்துடுச்சுல்ல? மேகத்துக்குப் பின்னாடி போயிருக்கும்" என்றார் நிலையத் தலைவர். ரேடாருக்கு மேகம் ஒரு பொருட்டில்லை என்றேன். "அந்தப் பக்கம் நமக்கு விரோதி யாரும் இல்லையே" என்றார். விரோதிகளுக்குத் தகவல் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். அன்றிலிருந்து என் மேசைக்கு டீ வருவதில்லை.

மாடியை இடிப்பதைவிட என் கையெழுத்து சுலபம். 'எல்லாத் திசையும் தெரிகிறது' என்று சான்றிதழ் தயார். சோதனைப் பொறியாளர் நான் ஒருத்தி போட்டால் போதும். அதோடு உங்கள் ஊருக்கு என் மாற்றல் உத்தரவும் இருந்தது, மூன்று வருடமாக நாம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டையும் ஒரே கிளிப்பில் கோத்திருந்த நேர்த்தியைப் பாராட்டத்தான் வேண்டும்.

போடவில்லை. நான்கு நிமிடம் தெரியவில்லை என்று அந்தச் சான்றிதழிலேயே எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பிவிட்டேன். தலைவர் உத்தரவை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். "உனக்கு ஏம்மா இந்த வீம்பு?" என்றார். அந்த மாடி இடியும்வரை இந்த வீம்பு இருக்கும் சார் என்றேன்.

குட்டியின் பிறந்தநாளுக்கு வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். வர முடியாது. அவளிடம் நீங்களே சொல்லுங்கள். லீவு கிடைக்கவில்லை என்று மட்டும் பொய் சொல்லாதீர்கள். கோபித்துக்கொள்ளட்டும். நீங்களும் கோபித்துக்கொள்ளலாம், இதைப் படித்து முடித்த பிறகு.

விமானம் மறைந்தது எந்தத் திசையில் என்று எழுதினால், கடிதங்களைப் பிரித்துப் பார்க்கிறவர் மை பூசிவிடுவார். போன முறை நீங்கள் வந்தபோது, உங்கள் ஊர் இந்தப் பக்கம்தான், தினமும் சாயங்காலம் இங்கே நின்று பார்ப்பேன் என்று ஒரு சன்னலைக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? இப்போது அதில் மூன்றாம் மாடிதான் தெரிகிறது.

இருவரும் பத்திரமாக இருங்கள்.

இப்படிக்கு,
இடத்தைவிட்டு நகராத
குட்டியின் அம்மா