ஸ்டியரிங் கேபிளில் உப்பு

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன். உன் அத்தைக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. போன வாரம் வந்து உட்கார்ந்து, இந்தப் படகை இன்னும் எதுக்கு வீட்டுல வச்சிருக்கீங்க, வித்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று உன் அப்பா காதில் விழும்படியே சொன்னாள். அவர் துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டு படகு நிற்கிற ஷெட்டுக்குப் போய்விட்டார்.

அவரைத்தான் உனக்குத் தெரியுமே. உன் தம்பி போனதிலிருந்து அந்தப் படகு தண்ணீரைப் பார்க்கவில்லை, ஆனால் நாளைக்கே கடலில் இறக்கப்போகிறவர் மாதிரிதான் இன்றைக்கும் பார்த்துக்கொள்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையானால் ட்ரெய்லரில் நிற்கிற படகுக்குத் தண்ணீர்க் குழாயை மாட்டி இன்ஜினை ஓடவிடுவார், பின்பக்கம் பீய்ச்சுகிற தண்ணீரில் கையை வைத்துச் சூடு பார்ப்பார், பேட்டரி முனையைத் தேய்ப்பார், ப்ரொப்பல்லரைக் கழற்றி கிரீஸ் போட்டு மறுபடி மாட்டுவார். இன்ஜின் ஓடி முடியும்வரை என்னால் அடுப்படியில் நிற்க முடிவதில்லை. சத்தம் நின்றதும் அவன் ஈரக்காலோடு உள்ளே வந்து பசிக்குதும்மா என்பானே, என் காது இன்னும் அதற்காகக் காத்திருக்கிறது. ஒருநாள் கைப்பழக்கத்தில் நாலு தட்டு எடுத்து வைத்துவிட்டேன், அப்பா பார்த்துவிட்டு இருக்கட்டும் என்றார்.

படகைப் பராமரிக்கிறார் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், அவர் தேடிக்கொண்டிருந்தார் என்பது இப்போதுதான் புரிந்தது. படகைச் சடாரென்று திருப்பினேன், முன்னால் உட்கார்ந்திருந்த தம்பி கடல்ல விழுந்துட்டான் என்று நீயே சொல்லி அழுதாய், அதோடு ஊரைவிட்டுப் போனவள் இன்னும் இந்த வாசற்படி மிதிக்கவில்லை. அப்போதே மெக்கானிக் பிரித்துப் பார்த்து ஸ்டியரிங்கில் ஒரு குறையும் இல்லை என்றார். உன் அப்பாவுக்கு அது போதவில்லை. படகில் ஒரு குறை அகப்பட்டால் உன் மேல் குறை இல்லை என்றாகிவிடும் அல்லவா, அதற்காகத்தான் இத்தனை வருஷமும் ஒவ்வொரு நட்டாகக் கழற்றிப் பார்த்திருக்கிறார். அந்தப் பாழாய்ப்போன படகோ ஒரு கோளாறும் இல்லாமல் இருந்து தொலைத்தது.

கொஞ்ச நாளாகக் காலையில் வாளியில் கடல்தண்ணீர் கொண்டுவந்துகொண்டிருந்தார். கழுவுவதற்கு என்றால் குழாயில் நல்ல தண்ணீர் இருக்கிறது, அதுவும் முன்பெல்லாம் கடலுக்குப் போய்வந்தால் ஒரு துளி உப்பு தங்கினாலும் உங்கள் இரண்டு பேரையும் உண்டு இல்லை என்று பண்ணுகிற மனிதர் ஆயிற்றே என்று எட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் கேபிள் இன்ஜினோடு சேருகிற இடத்தில் கிரீஸையெல்லாம் வழித்து எடுத்துவிட்டு, என் சமையல் கரண்டியால் உப்புத்தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுது தீர்த்தேன்.

இன்றைக்குக் காலையில் அதே மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினார். கேபிள் துருவேறி இறுகிப்போய் ஸ்டியரிங் அசையவே இல்லை. பாருங்க, அன்னைக்கும் இப்படித்தான் பாதியில மாட்டியிருக்கும், புள்ள என்ன பண்ணுவா என்றார் அப்பா. மெக்கானிக் அந்தப் புதுத் துருவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு, ஆமா சார், அப்பவே நான் சரியாப் பாக்காம விட்டுட்டேன், தப்பு என்னுதுதான் என்றார். செய்யாத தப்பைத் தன் தலையில் போட்டுக்கொள்ள அந்த மனிதருக்கு என்ன தலையெழுத்து, சொல். மத்தியானம் அப்பா வயிறாரச் சாப்பிட்டார். உடனே அவளுக்கு எழுது, கேபிள்தான் காரணம், அவ மேல தப்பில்லன்னு எழுது என்று என்னை உட்காரவைத்துவிட்டுப் படுத்தவர், அயர்ந்து தூங்குகிறார்.

அவர் சொன்னதை எழுதிவிட்டேன், இனி நான் சொல்வது. கேபிளை நம்பி நீ வரவேண்டாம். ஸ்டியரிங் அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது, திருப்பியது உன் கைதான், விளையாட்டாகத் திருப்பினாய், அவன் போய்விட்டான். முதல் நாளிலிருந்தே எனக்கு அது தெரியும், தெரிந்துதான் வா என்கிறேன். உன் முகத்திலேயே விழிக்கக்கூடாது என்று நான் நினைத்த நாட்களும் உண்டு, ஆனால் அந்த நாட்களிலும் நீ சாப்பிட்டாயோ இல்லையோ என்றுதான் கிடந்து தவித்தேன்.

அப்பா ஃபோனில் கேட்டால் கேபிள் விஷயம் மட்டும் அம்மா எழுதினாள் என்று சொல், நம்புறேன்ப்பா என்று ஒரு வார்த்தை சொல், வேறு எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. ஈரத்தலையோடு படுக்காதே. நீ நீண்ட ஆயுளோடு இருக்கவேண்டும், காலையில் கண் விழித்ததும் நான் கேட்பது அது ஒன்றுதான். டிக்கெட் எடுத்ததும் தெரியப்படுத்து.

இப்படிக்கு,
உங்கள் இரண்டு பேருக்கும் அம்மா