தரிசில் பாய்ந்த வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

என் அன்பு நைனா,

இந்தக் கடிதத்தை மடித்து உங்கள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கலாம். என் சுபாவத்துக்கு அதுதான் ஒத்து வரும். ஆனால் நீங்கள் தன்னிடம் தனியாக ஒரு வார்த்தை சொன்னதாகப் பாவா பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். தனியாகச் சொன்ன வார்த்தைக்கு நான் எங்கே போய்ச் சாட்சி தேடுவேன்? அதனால் என் பக்கத்தை நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

பங்குனியில் உங்கள் காரியம் முடிந்த மறுநாளே உங்கள் அக்கா மகன் செங்கல்வராயன் பாவா அம்மாவிடம் பேச்சை எடுத்தார். பள்ளிப்பட்டு ரோட்டு நிலத்தை விற்க நீங்கள் சம்மதித்துவிட்டீர்களாம். மதராஸ்காரர்கள் மனை போடக் கேட்கிறார்களாம். நீங்கள் படுத்துவிட்டதால்தான் அது எழுத்துக்கு வரவில்லையாம். சொன்னீர்களா நைனா? கடைசி மாதத்தில் அவர் உங்கள் கட்டில் ஓரம் உட்கார்ந்திருப்பார். நான் உள்ளே வந்தால் இரண்டு பேரும் பேச்சை நிறுத்திவிடுவீர்கள். அதை நான் மறக்கவில்லை.

அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டால்தான் விற்க முடியும். அம்மா அவரை நம்பினாள். நான் யாரையும் நம்பவில்லை. ஆனால் என் சந்தேகம் முதலில் போய் விழுந்தது முனுசாமி மேல்தான். இருபது வருஷமாக அந்த நிலத்தை வாரத்துக்கு உழுது, விளைச்சலில் பாதியை நம் வீட்டு வாசலில் கொண்டுவந்து இறக்குகிற மனிதர் மேல்.

காரணம் இருந்தது. சித்திரையில் சொர்ணவாரிப் பட்டத்துக்கு விட வேண்டிய நெல் விதையை அவர் விடவில்லை. வைகாசி போயிற்று, ஆனியும் போயிற்று. பாடம் நடத்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகிற பஸ்ஸிலிருந்து பார்ப்பேன். நம் நிலம் மட்டும் உழவு காணாமல் அறுத்த தாளோடு கிடக்கும். ஆனால் வெள்ளிக்கிழமைகளில் அந்த வெறும் நிலத்தில் தண்ணீர் நிற்கும், திருத்தணி மலை அதில் தலைகீழாகத் தெரிகிற அளவுக்கு. ஒரு வாரம் என்றால் தற்செயல். எல்லா வெள்ளியும் பயிரில்லாத நிலத்துக்கு யாராவது தண்ணீர் பாய்ச்சுவார்களா?

பாவாவைக் கேட்டேன். அவரிடம் பதில் தயாராக இருந்தது. "அது அனுபவம் காட்றதும்மா. நான்தான் பாய்ச்சிகினு இருந்தேன்னு நாளைக்குக் கோர்ட்ல சொல்லுவான். நீ புஸ்தகம் படிச்சிகினே இரு, அவன் பூமியை அமுக்கிடுவான்."

எனக்கு அது சரியாகப் பட்டது. ஏன் அவ்வளவு சீக்கிரம் சரியாகப் பட்டது என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். உழுகிறவனுக்கே நிலம் என்று படித்துத் தலையாட்டியவள்தான் நான். அது நம் நிலம் என்றதும் தலை ஆடவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வெள்ளி. சாலையெல்லாம் காவடியும் மஞ்சள் துணியுமாக இருந்ததால் பஸ் ஊர்ந்துதான் போயிற்று. நம் பக்கத்து நிலத்தில் சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. பாவா அங்கே குடையோடு நின்று, காவடிக்கு வந்த ஒரு குடும்பத்துக்கு மலையைக் கைகாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கமே போவதில்லை என்று போன வாரம்தான் சொன்னவர். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, வரப்பு வழியாகக் கிணற்றடிக்கு நடந்தேன்.

முனுசாமி மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து துண்டை உதறிப் போட்டார். வாங்க என்று சொல்லவில்லை. யாருக்காக இந்தத் தண்ணீர் என்று நேராகவே கேட்டேன்.

"தண்ணி மொற உடையக் கூடாது பாப்பா. வெள்ளிக்கெழம நம்ம மொற. மூணு பங்குக் கெணறு இது. மூணு மொற சேந்தாப்ல நாம எடுக்கலன்னா பக்கத்துப் பங்குக்குப் போயிடும். ஒரு தபா போச்சுன்னா வராது."

பக்கத்துப் பங்கு யாருடையது என்றேன். என் வீட்டு விலாசத்தை நானே கேட்டது போல என்னைப் பார்த்தார்.

"உங்க பாவாவுதுதான். நைனா படுத்துகினு இருந்தப்பவே வாங்கிட்டாரே. வெள்ளிக்கெழம ஆனா வந்து எட்டிப் பாத்துட்டுப் போவாரு, மோட்டார் ஓடுதான்னு."

அப்படியானால் ஏன் விதைக்கவில்லை?

"வெதைய யாரு எடுத்துக் குடுத்தா?" அவர் குரலில் அப்போதுதான் கோபம் வந்தது. "மொதப் பிடி உங்க வூட்டு ஆளு கையால எடுத்துக் குடுக்கணும். வருசா வருசம் நைனா குடுப்பாரு. காரியம் ஆன வூட்டுல போயி வெதை குடுன்னு நிக்கறதா? உங்க பாவா கிட்டதான் சொல்லி அனுப்பிச்சேன். உங்களுக்கு மனசு இல்லியாம், நிலத்தை வேற மாதிரி பண்ணப் போறீங்களாம். அதான் கேக்காம இருந்துட்டேன்."

நான்கு மாதம் அவர் என் கைக்காகக் காத்திருந்தார். நான் அவர் கையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தேன். இந்த வழக்கத்தை ஏன் என்னிடம் சொல்லவே இல்லை நைனா? பெண் பிள்ளை, எங்கேயோ போகப் போகிறவள் என்று நினைத்தீர்களா? விதையை வீட்டு ஆள் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்றால், அந்த வீட்டு ஆள் நான் இல்லாமல் வேறு யார்?

அன்றைக்கும் நான் முழுதாக நம்பிவிடவில்லை. ஊர்க் கணக்குப்பிள்ளையிடம் போய் நிலப் பதிவைப் பார்த்தேன். பக்கத்து நிலம் பாவா பெயரில்தான் இருந்தது. நம் நிலத்தைத் தாண்டித்தான் அதற்கு ரோடு. நம்முடையது மனையாகாவிட்டால் அவர் நட்ட மனைக் கற்களுக்கு வழியே கிடையாது.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அரிசி புடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பாவா வந்தபோது காபி கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்து, "விதை கேட்டு முனுசாமி சொல்லி அனுப்பிச்சானாமே பா, அந்தச் சேதி எங்க?" என்றாள்.

"மறந்துட்டேன் அத்தை," என்றார்.

"அவரு விக்கச் சொன்னது மட்டும் ஞாபகம் இருக்குதா?"

அம்மா காபி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவரும் அதற்கப்புறம் வீட்டுக்கு வரவில்லை. ஆனால் கற்கள் அங்கேயேதான் நிற்கின்றன.

சம்பாவுக்கு விதை கொடுத்துவிட்டேன் நைனா. எந்தக் கையால், எத்தனை பிடி, எந்தத் திக்கைப் பார்த்து என்று ஒன்றும் தெரியவில்லை. முனுசாமியின் மனைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு என் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாள்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் நல்லவளாக வீடு திரும்பியிருப்பேன். நான்தான் ஒரு படி மேலே போனேன். வாய்ப்பேச்சு போதாது, அந்த நிலத்தைச் சாகுபடி செய்வது முனுசாமிதான் என்று தாலுகா ஆபீசில் பதிய வேண்டும் என்று முடிவு செய்தேன். பெயர் ஏறிவிட்டால் அவரை நிலத்திலிருந்து எழுப்பிவிட்டு யாரும் மனை போட முடியாது. மனுவை நானே எழுதி, அம்மாவும் நானும் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன்.

அவர் அதைத் தொடவில்லை. "இன்னா எழுதிகீது?" என்றார். படித்துக் காட்டினேன். "நீங்க படிச்சது செரி. அதுல இருக்கறதும் அதேதானா?"

சுருக்கென்றது. அப்புறம்தான் காரணத்தைச் சொன்னார். அவருடைய மாமனிடம் இப்படித்தான் உன் நல்லதுக்கு என்று ஒரு காகிதத்தில் கட்டைவிரல் ரேகை வாங்கினார்களாம். நிலத்தை விட்டுக் கொடுத்ததாக அதில் எழுதியிருந்ததாம்.

மனுவை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். திருத்தணியில் மோட்டார் ரிப்பேர் செய்கிற பாஷா பாயிடம் அதை எடுத்துப் போனார். பாஷா பாய் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாராம். ஒரு சொல்லைக் காட்டி, இதற்கு இரண்டு விதமாக அர்த்தம் பண்ணலாம், மாற்றச் சொல் என்றாராம். தமிழ் சொல்லிக் கொடுத்துச் சம்பளம் வாங்குகிறவளின் வாக்கியத்தை மோட்டார் மெக்கானிக் திருத்தினார். திருத்தியது சரிதான். மாற்றி எழுதினேன். போன திங்கட்கிழமை முனுசாமி ரேகை வைத்தார். வைப்பதற்கு முன்னால் பாஷா பாயை இன்னொரு முறை படிக்கச் சொன்னார்.

தாலுகா ஆபீசிலிருந்து இன்னும் பதில் வரவில்லை. பாவாவும் அந்தப் படிகளில் ஏறி இறங்குவதாகக் கேள்வி. பதிவாகுமா என்று தெரியாது. நீங்கள் விற்கச் சொன்னீர்களா இல்லையா என்பதும் எனக்குத் தெரியப் போவதில்லை. சொல்லியிருந்தால் மன்னித்துவிடுங்கள், அந்தப் பேச்சை நான் கேட்கப் போவதில்லை. சொல்லாமலிருந்தால், உங்களைச் சந்தேகித்ததற்கு மன்னித்துவிடுங்கள்.

ஒரு வாக்கு மட்டும் தருகிறேன். முனுசாமிக்குத் தெரியாமல், அவர் தனக்கு வேண்டியவரை வைத்துப் படித்துப் பார்க்காமல், அந்த நிலத்தைப் பற்றிய எந்தக் காகிதத்திலும் என் கையெழுத்து விழாது. அது நான் எழுதிய காகிதமாகவே இருந்தாலும்.

இப்படிக்கு,
அந்த வீட்டு ஆள்,
உங்கள் மகள்.